லுக்ரேசியா மூட்டிய அடுப்பு

வணக்கம் நண்பர்களே. வந்து உட்கார்ந்ததிலிருந்து மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். “ஹுவானைக் கொன்றது சேசாரேதானே?” போப் ஆறாம் அலெக்சாண்டரின் குடும்பக் கதையைச் சொல்லும் ‘த போர்ஜியாஸ்’ தொலைக்காட்சித் தொடர் பார்த்த இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். தொடர் அதில் சந்தேகமே வைக்கவில்லை. போப்பின் மகன்கள் இருவரில் அண்ணன் சேசாரே குத்துகிறான், தம்பி ஹுவான் ரோமின் டைபர் நதியில் விழுகிறான்.

ஆவணங்களில் இருப்பது வேறு மாதிரி. 1497 ஜூன் 14 இரவு. தாய் வனோஸா வீட்டு விருந்தில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய ஹுவான் வீடு திரும்பவில்லை. மகனைக் காணாமல் தவித்த போப் ஆறாம் அலெக்சாண்டர் ரோம் முழுக்க ஆள் அனுப்பித் தேடச் சொன்னார். அப்போது கிடைத்த ஒரே சாட்சி, ஆற்றோரத்தில் மரம் விற்பவர். தன் மரக்கட்டைகளுக்குக் காவலாகப் படகிலேயே படுத்திருந்தவர். அவர் சொன்னதைப் போப்பின் சடங்கு அதிகாரி புர்க்கார்ட் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

முதலில் இரண்டு பேர் சந்திலிருந்து வந்து அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அப்புறம் வேறு இரண்டு பேர் வந்து அதேபோல் பார்த்தார்கள். பிறகுதான் ஒருவன் வெள்ளைக் குதிரையில் வந்தான். அவனுக்குப் பின்னால் குறுக்கே ஒரு பிணம். தலை ஒரு பக்கம், கால்கள் மறு பக்கம். குப்பை கொட்டும் இடத்தில் குதிரையின் வால் ஆற்றைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தினார்கள். இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்து ஒரே வீச்சாக வீசினார்கள். “முழுகிவிட்டதா?” என்று கேட்டான் குதிரைக்காரன். “ஆமாம் ஐயா.” ஆனால் மேலங்கி மட்டும் கறுப்பாக மிதந்தது. அதைக் கல்லெறிந்து அமிழ்த்தினார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ஏன் போய்ச் சொல்லவில்லை என்று விசாரித்தபோது அந்த மனிதர் சொன்ன பதில்தான் எனக்கு மறக்க முடியாதது. இதே இடத்தில் நூறு பிணங்கள் விழுவதைப் பார்த்திருக்கிறேன், இதுவரை எந்தப் பிணத்தைப் பற்றியும் யாரும் கேட்டதில்லை என்றார். அந்த ஒரு பதிலுக்குள் அன்றைய ரோம் முழுசும் இருக்கிறது.

உடலைத் தேடி எடுத்தபோது ஒன்பது வெட்டுக் காயங்கள். இடுப்பிலிருந்த பையில் 30 தங்கக் காசுகள் அப்படியே இருந்தன. எனவே கொள்ளைக்காக நடந்த கொலை இல்லை. ஓர்சினி என்ற பிரபுக் குடும்பத்தின் மீது சந்தேகம் போனது, ஸ்ஃபோர்ஸா என்ற இன்னொரு பிரபுக் குடும்பத்தின் மீதும் போனது. சில வாரங்களில் போப்பே விசாரணையை நிறுத்திவிட்டார். சேசாரேயின் பெயர் பல மாதங்கள் கழித்துத்தான் எழுத்தில் வருகிறது, அதுவும் வதந்தியாக. கொன்றது யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. கதைக்கு ஒரு கொலைகாரன் தேவைப்பட்டான், தொடரை உருவாக்கிய நீல் ஜோர்டான் ஒருவனைத் தேர்ந்துகொண்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அண்ணன் தம்பிப் பகையை அத்தனை வலியோடு அதில் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு செய்தியை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்படிக் கொலையுண்ட ஹுவானின் பேரன்தான் புனித பிரான்சிஸ் போர்ஜியா. நம் புன்னைக்காயல் கரையில் சேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் தமிழில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1565 முதல் 1572 வரை, ரோமில் சேசு சபைக்குத் தலைவராக இருந்தவர். ‘முதல் குற்றக் குடும்பம்’ என்று விளம்பரம் செய்யப்பட்ட அதே குடும்பம்தான்.

நான் இன்று பேச வந்தது இவர்களின் தங்கை லுக்ரேசியாவைப் பற்றி. ஹாலிடே கிரெய்ஞ்சர் அந்த வேடத்தில் நடித்ததைப் பார்த்து அவள் மேல் பாசம் வைக்காதவர் இந்த அரங்கில் இருக்க முடியாது. தொடரும் அவளை நேசிக்கிறது. ஆனாலும் ஓரிடத்தில் அவளுக்கு அநியாயம் செய்துவிட்டது.

பதின்மூன்று வயதில் ஜொவான்னி ஸ்ஃபோர்ஸாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அரசியல் மாறியதும், அவனுக்கு ஆண்மை இல்லை என்று சொல்லி 1497-ல் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கினார்கள். ஊரறிய அவமானப்பட்ட அந்த மனிதன், தகப்பனே மகளைத் தனக்கென்று வைத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று பேசினான். முறைகெட்ட உறவு என்ற பேச்சு கிளம்பியது அந்த வாயிலிருந்துதான். மூன்றாம் சீசனில் அண்ணனையும் தங்கையையும் காதலர்களாகக் காட்டியதை ரசித்தவர்கள் பலர் உண்டு. அந்தக் காட்சிகளின் வேர் கோபத்தில் இருந்த ஒரு புருஷனின் சொல் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கணவன் அல்ஃபோன்சோ. அவன் மேல் அவளுக்கு உண்மையிலேயே அன்பு இருந்தது. 1500 ஜூலை 15 இரவு, புனித பேதுரு தேவாலயப் படிக்கட்டில் அவனை வெட்டிப் போட்டார்கள். உயிர் மட்டும் மிஞ்சியது. அரண்மனை அறையில் ஒரு மாதம் அவனைப் பார்த்துக்கொண்டவர்கள் லுக்ரேசியாவும் அவன் சகோதரி சான்சியாவும். வெளிச் சாப்பாட்டில் யாராவது விஷம் வைத்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் அந்த அறையிலேயே சின்ன அடுப்பு மூட்டி, போப்பாண்டவரின் மகள் தன் கையால் சமைத்துக் கொடுத்தாள். ஆகஸ்ட் 18 அன்று, இரு பெண்களும் அறையில் இல்லாத நேரம் பார்த்து, சேசாரேயின் ஆள் மிக்கெலெட்டோ அவன் கழுத்தை நெரித்துக் கொன்றான்.

தொடரில் இதே சாவு எப்படி வருகிறது? குத்துப்பட்டுத் துடிக்கும் கணவனுக்கு, அவன் வேதனை தீர வேண்டுமென்று, லுக்ரேசியாவே விஷம் கொடுக்கிறாள். இரக்கத்தால் செய்வதாகத்தான் காட்டுகிறார்கள், தெரியும். எனக்கு மனசு ஆறவே இல்லை. விஷத்துக்குப் பயந்து அடுப்பு மூட்டிய கை அது! அவள் யாருக்கும் விஷம் வைத்ததாக ஒரு நம்பகமான சான்றுகூடக் கிடையாது. நூற்றாண்டுக் கணக்கில் நாடகத்திலும் ஓபராவிலும் அவள் கையில் திணிக்கப்பட்ட கிண்ணத்தை, அவளை இத்தனை நேசித்த தொடரும் திரும்பத் திணித்துவிட்டது. அந்த அடுப்பைக் காட்டியிருந்தால் அதைவிடப் பெரிய காட்சி கிடைத்திருக்கும் என்பது என் கட்சி.

2013-ல், 29 பாகங்களோடு தொடர் நின்றுபோனது. நான்காம் சீசன் இல்லையே என்று நீங்கள் எல்லோரும் வருந்துகிறீர்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு, அது இத்தாலியின் ஃபெராரா நகரை நினைத்து. மூன்றாம் கணவனின் அந்த ஊரில் 1502 முதல் பதினேழு வருஷம் வாழ்ந்தாள். நகையை அடகு வைத்து எருமைகள் வாங்கினாள். சதுப்பு நிலங்களைப் பிடித்து, கால்வாய் வெட்டி, தண்ணீரை வடித்து, விளைநிலமாக்கினாள். அவளாகவே வாழ்ந்த அந்த வாழ்க்கை திரைக்கு வரவே இல்லை.

1519 ஜூனில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்து, காய்ச்சலில் கிடந்தாள். ஜூன் 22 அன்று போப் பத்தாம் லியோவுக்கு ஒரு கடிதம் போனது. பாவியானாலும் நான் கிறிஸ்தவள், என் ஆன்மாவுக்கு உங்கள் ஆசி வேண்டும், என் கணவரையும் பிள்ளைகளையும் உங்கள் பொறுப்பில் விடுகிறேன் என்று கேட்கிறாள். இரண்டு நாளில் இறந்துபோனாள், வயது 39. அந்தக் கடிதத்தின் அடியில் போர்ஜியா என்ற பெயரே இல்லை. மூன்றாம் கணவனின் குடும்பப் பெயரோடு ‘லுக்ரேசியா தெஸ்தே’ என்று இருக்கிறது.