ஓடி வந்தான், ஓடோடி வந்தான்: துருக்கி மொழியில் வினையெச்சம்

நண்பர்களே, துருக்கி மொழி படிக்க வரும் தமிழர்கள் பயப்பட வேண்டியதில்லை. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். இதெல்லாம் நமக்குப் பழக்கம்தான். ஒரு செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் இடத்தில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

'உட்கார்ந்து பேசினார்' என்கிறோம். உட்கார்ந்துவிட்டுப் பேசினாரா, உட்கார்ந்தபடியே பேசினாரா? சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். துருக்கியர் இதைப் பிரித்துவிடுவார்கள். அடுத்தடுத்து நடந்தால் 'இப்' விகுதி: ஒதுருப் கொனுஷ்து. உட்கார்ந்த நிலையிலேயே பேசினால் 'எரெக்' விகுதி: ஒதுரரக் கொனுஷ்து. (இப் ஏன் உப் ஆனது, எரெக் ஏன் அரக் ஆனது என்கிறீர்களா? முன்னால் உள்ள உயிரெழுத்துக்கு இசைவாக விகுதியின் உயிரும் மாறும். காது பழகிவிடும்.)

இதை மாற்றிப் போட்டால் வம்புதான். 'யுருயெரெக் கித்தி' என்றால் நடந்தே போனான், வண்டியில் போகவில்லை. 'யுருயுப் கித்தி' என்றால் பெரும்பாலும், ஆள் நடையைக் கட்டிவிட்டான்!

அப்புறம் இரட்டிப்பது. 'கொஷரக் கெல்தி' ஓடி வந்தான். 'கொஷா கொஷா கெல்தி' ஓடோடி வந்தான். அதில் ஒரு ஆவல் தெரிகிறது. விடைபெற்றுக் கிளம்புகிறவரிடம் வீட்டில் இருப்பவர் சொல்லும் 'குலே குலே'யும் இதே அமைப்புதான்: சிரித்துச் சிரித்து. போய் வாருங்கள் என்பது தொக்கி நிற்கிறது. புதுச் சட்டை வாங்கியவரையும் குலே குலே என்று சொல்லித்தான் வாழ்த்துவார்கள். 'சொரா சொரா பாக்தாத் புலுனுர்' என்று ஒரு பழமொழி உண்டு: கேட்டுக் கேட்டுப் போனால் பாக்தாதையே கண்டுபிடித்துவிடலாம். வழி தெரியாத ஊரில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது.

பெயரடைகளில் சிக்கல் குறைவு. 'குஸெல்' என்றால் அழகான. பல இடங்களில் அதுவே அழகாக என்றும் நிற்கும், 'ஆக' சேர்க்க வேண்டாம். எதிர்மறைக்கு 'மெதென்' அல்லது 'மதன்', நம் 'ஆமல்' போல: துஷுன்மெதென் கொனுஷ்து, யோசிக்காமல் பேசினான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று நாம் தாராளமாகச் சொல்வோம். பெய்தது மழை, நிறைந்தது குளம், எழுவாய் இரண்டு. அங்கே எரெக் ஒட்டாது, 'இன்ஜே' என்ற வேறு விகுதியைத் தேட வேண்டும். தமிழர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.