அச்சமில்லாமல் வளரும் நாய்

உதகை வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

நம் நீலகிரியில் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும், படுகர் ஊர்களான ஹட்டிகளிலும், காரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் காட்டோர நிலங்களிலும், சுற்றுலாப் பயணிகள் தங்கும் காட்டேஜ்களிலும் நாய்கள் வளர்க்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை காவலுக்காக வளர்க்கப்படுபவை. இரவில் கரடி வந்தாலோ, காட்டெருமை தோட்டத்துக்குள் இறங்கினாலோ, முன்பின் தெரியாதவர்கள் நடமாடினாலோ குரல் கொடுக்க ஓர் உயிர் வேண்டும் என்பது மலையில் வாழ்பவர்களின் நியாயமான தேவை. அந்தத் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால், காவல் நாய் என்றால் மூர்க்கமாக இருக்க வேண்டும், அந்த மூர்க்கம் வருவதற்கு அதைப் பகல் முழுவதும் கட்டிப்போட வேண்டும், அவ்வப்போது இரண்டு அடி போட்டு வைக்க வேண்டும் என்று நம் ஊர்களில் வேரூன்றிவிட்ட எண்ணத்தைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன். ஒரு கால்நடை மருத்துவராக நான் இந்த மலையில் கண்டவரை, ஆளைக் கடித்துவிட்டது என்று அழைத்துவரப்பட்ட நாய்களில் பெரும்பாலானவை பயந்துபோன நாய்களே.

நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் ஒரு நாயின் இடத்தைச் சற்று நின்று பாருங்கள். பேரிக்காய் மரத்தடியில், சங்கிலி எட்டும் தூரம் வரை புல் முளைக்காமல் மண் வட்டமாகத் தேய்ந்திருக்கும். சங்கிலி உராய்ந்து உராய்ந்து மரத்தின் பட்டை உரிந்திருக்கும். சோற்றுத் தட்டு, படுக்கும் சாக்கு, மலம் எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேயேதான். அச்சம் வந்தால் எந்த விலங்கும் முதலில் விலகி ஓடத்தான் பார்க்கும். ஓட வழியில்லாதபோதுதான் பாயும். சங்கிலி அந்த முதல் வழியை அடைத்துவிடுகிறது. தபால்காரர் வருகிறார், நாய் பாய்ந்து குரைக்கிறது, அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் தம் வேலை முடிந்து போகிறார் என்பது நாய்க்குத் தெரியாது; தான் குரைத்ததால்தான் போனார் என்றே அது கற்றுக்கொள்கிறது. இது மாதக்கணக்கில் நடந்த பின், ஒரு நாள் சங்கிலியின் கொக்கி கழன்றுவிடும், அல்லது பந்தை எடுக்க ஒரு குழந்தை அந்த வட்டத்துக்குள் கால் வைத்துவிடும். அப்போது நடப்பதைக் குணக்கேடு என்கிறோம்.

இரவுக் காவலுக்கும் அந்தச் சங்கிலி உதவுவதில்லை. சிறுத்தை நடமாடும் ஊர்களில், வெளியே கட்டப்பட்ட நாயைப் போல எளிதான இரை அதற்கு வேறில்லை. வராந்தாவை அடைத்தோ, வீட்டுக்குள்ளோ படுக்க வைக்கப்படும் நாய்க்கும் அதே காதும் அதே மூக்கும்தான் இருக்கின்றன. வேலிக்கு அப்பால் நடப்பதை அது நமக்கு முன்பே அறிந்து குரல் கொடுத்துவிடும். அதற்குக் கோபம் தேவையில்லை. அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் ஒரு விலங்கை நீண்ட நேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயைப் போதுமான அளவு நடமாட விடாமல் இருப்பதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நாயின் பிற்கால நடத்தைக்கான அடித்தளம் மிகச் சீக்கிரமே அமைந்துவிடுகிறது. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ 12 முதல் 14 வாரங்கள் வரையிலான காலத்தில், ஒரு குட்டி எதையெல்லாம் நல்லவிதமாகச் சந்திக்கிறதோ அதையெல்லாம் பிற்பாடு இயல்பாக ஏற்றுக்கொள்ளும். அந்தக் காலத்தில் காணாதவற்றைக் கண்டு மிரளும். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரின் ஆய்வுக்கூடத்தில் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். 14 வாரம் வரை மனிதர்களோடு பழக்கமே இல்லாமல் வளர்ந்த குட்டிகள், காட்டு விலங்குகளைப் போல மனிதரைக் கண்டு ஒடுங்கியதாக அந்த ஆய்வு 1961இல் வெளிவந்தது.

ஆகவே, குட்டி உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அதற்கு உலகத்தை அறிமுகப்படுத்துங்கள். நம் மலையில் அந்த உலகம் தனியானது. மழைக்குப் பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திக்கொண்டு வரும் தோட்டத் தொழிலாளர், முதுகில் இலை மூட்டையோடு நடப்பவர், குல்லாவும் கம்பளியும் அணிந்த முதியவர், விரித்த குடை, ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வரும் லாரி, குக்கர் விசில், பள்ளி விட்டு ஓடிவரும் பிள்ளைகள் என எல்லாவற்றையும் அது தூரத்திலிருந்து பார்க்கட்டும். பார்க்கும் நேரத்தில் வாய்க்குப் பிடித்த ஒன்றைக் கொடுங்கள். மிரண்டால் இழுத்துக்கொண்டு கிட்டே போகாதீர்கள். அது தானாக மூக்கை நீட்டும் வரை பொறுத்திருங்கள். தடுப்பூசிகள் முழுவதும் போட்டு முடியும் வரை தரையில் விடக்கூடாதே என்று கேட்பீர்கள். கையில் தூக்கிக்கொண்டு காட்டலாம். இன்னொன்று, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. கண் திறந்த சில நாள்களிலேயே தாயிடமிருந்து பிரித்துவிட்டால், விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை உடன்பிறந்த குட்டிகளிடம் கற்கும் வாய்ப்பு அதற்குப் போய்விடும்.

இனிப் பழக்குவதைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல பலன் கிடைத்த செயலை விலங்கு திரும்பச் செய்யும் என்பதை எட்வர்ட் தார்ன்டைக் என்னும் அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பூனைகளை வைத்துச் சோதித்துக் காட்டினார். நாய்க்கும் அதுவே பொருந்தும். ஆனால், பலன் உடனே, அதாவது ஓரிரு நொடிகளுக்குள் கிடைக்க வேண்டும். நம் மலையில் ஒரு நாய் கற்க வேண்டிய முதல் பாடம், கூப்பிட்டால் திரும்பி வருவது. காட்டெருமையைக் கண்டு குரைத்துக்கொண்டு ஓடும் நாய், அது திருப்பித் துரத்தும்போது நேராக எஜமானரின் காலடிக்குத்தான் ஓடிவரும். பின்னாலேயே காட்டெருமையும் வரும். ஓடத் தொடங்கும் முன்பே அதைத் திருப்ப முடிந்தால் இரண்டு உயிர்களுக்கும் பாதுகாப்பு. இந்தப் பாடத்தை வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள். பெயரைச் சொல்லி "வா" என்று ஒரே ஒரு முறை மகிழ்ச்சியான குரலில் கூப்பிடுங்கள். அது திரும்பிய கணமே பாராட்டுங்கள். அருகில் வந்ததும் பட்டாணி அளவுக்கு நறுக்கிய வேகவைத்த ஈரலையோ முட்டையையோ கொடுத்துவிட்டு, மறுபடியும் விளையாட விட்டுவிடுங்கள். அறையில் தவறாமல் வந்த பிறகு வாசலில், அதன் பிறகு நீளமான கயிற்றோடு தோட்டத்தில் என்று படிப்படியாகக் கடினமாக்குங்கள். கூப்பிட்டு அருகில் வந்த நாயை, அது முன்பு என்ன செய்திருந்தாலும், ஒருபோதும் திட்டாதீர்கள். வந்ததற்குத்தான் திட்டு என்று அது புரிந்துகொள்ளும். அடுத்த முறை வராது.

நாய்க்கு நாம்தான் தலைவர் என்று காட்டிவிட வேண்டும், மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று சிலர் கற்பிக்கிறார்கள். அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து பரவிய கருத்து இது. காட்டு ஓநாய்களை நெடுங்காலம் ஆராய்ந்த டேவிட் மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் அவற்றின் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பமே என்று 1999இல் தெளிவுபடுத்தினார். அமுக்கிப் பிடிப்பதால் நாய் கற்பது ஒன்றுதான்: மனிதரின் கை கிட்டே வந்தால் ஆபத்து.

நேயர்கள் என் பேச்சில் ஒன்றையேனும் நினைவில் வைத்துக்கொள்வதானால், நாயின் உறுமலைப் பற்றி நான் சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாயும் பெரும்பாலும் திடீரென்று கடிப்பதில்லை. தூக்கம் வராதபோதே கொட்டாவி விடும்; உணவு இல்லாதபோதே நாக்கால் மூக்கை நக்கும்; முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும்; மெல்லும் வாயை நிறுத்தி உடம்பை விறைத்துக்கொள்ளும். இவை எதையும் நாம் கவனிக்காதபோதுதான் உறுமும். உறுமியதற்காக அடித்தால் உறுமல் நின்றுவிடும். அச்சம் அப்படியே உள்ளே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பல் பதியும். எலும்பு கடித்துக்கொண்டிருக்கும் நாயிடம் போய், "என் நாய்தானே" என்று அதைப் பிடுங்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்று அதைவிட ருசியான ஒன்றைத் தூக்கிப் போடுங்கள். எலும்பை விட்டு அது நகர்ந்து வரட்டும். மனிதர் கிட்டே வந்தால் நல்லதுதான் வரும் என்று பழகிய நாய், தட்டைக் காக்க வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிந்துகொள்ளும். குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாயே. அதனால் உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடக்கூடாது, கழுத்தைக் கட்டிப்பிடிக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுத்தாலும் சின்னஞ்சிறு குழந்தையை நாயோடு தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

செருப்பைக் கடிப்பது, வேலியோரம் ஓயாமல் குரைப்பது போன்றவற்றில் பெரும்பகுதி, வேலையற்றுக் கிடப்பதால் வருவது. பல் மாறும் மாதங்களில் கடிப்பதற்குத் தகுந்த பொருளைக் கொடுத்துவிட்டுச் செருப்பை அலமாரியில் வையுங்கள். நடைக்குக் கூட்டிச் செல்லும்போது மோப்பம் பிடிக்க நேரம் கொடுங்கள். விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போகும் தூரத்தைவிட அந்த மோப்பம் அதைக் களைப்பாக்கி அமைதிப்படுத்தும்.

நன்றாகப் பழகிய நாய் திடீரெனக் குணம் மாறினால், முதலில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காதில் சீழ், பல் சொத்தை, நம் குளிரில் மேலும் வாட்டும் மூட்டு வலி என எதுவும் காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் வரும்போது, எந்த நேரத்தில், யாரிடம், எதற்கு முன்பு உறுமியது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். எங்களுக்கு அது மிகவும் பயன்படும். தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். 1907ஆம் ஆண்டிலேயே வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை அளிக்கப் பாஸ்டியர் நிலையம் குன்னூரில் தொடங்கப்பட்ட மாவட்டம் இது. நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நன்றி. வணக்கம்.