அப்பா நித்திரை கொள்ளவில்லை, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, சபையை அழவைத்துவிட்டு இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, இந்த வெக்கையிலும் எழுந்து போகாமல் இருக்கும் திருகோணமலைப் பெருமக்களே, வணக்கம்.

இறைபணிக்குப் போன மகனிடம் தாய் வீட்டுச் செய்திகளில் நல்லதை மட்டும் சொல்ல வேண்டுமா, எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா என்பது தலைப்பு. எல்லாவற்றையும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நம் ஊர்க் கதையோடு தொடங்கினார். தாய் வழிபடுவதற்காக இராவணன் கோணேசர் மலையை வெட்டிக்கொண்டிருந்தான். தாய் இறந்துவிட்டாள் என்று கேட்டதும் வாளைப் போட்டுவிட்டுக் கன்னியாவுக்குப் போய் ஈமக்கிரியையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு வீட்டுச் செய்தி பெரிய காரியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டது பார்த்தீர்களா என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது யார்? இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். என் அப்பம்மா சொன்ன விதத்தில், வந்தவர் திருமால், அந்தண வேடத்தில். தாய் சொல்லவில்லை, வீட்டார் சொல்லவில்லை, வேடம் போட்ட ஒருவர் வந்து சொன்னார். வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலிருந்து ஒழுங்காகச் செய்தி வந்துகொண்டிருந்தால் இலங்கை வேந்தன் என்ன சொல்லியிருப்பான்? "ஐயா, நேற்றுத்தானே அம்மா பேசினார், முழங்கால் வலியைத் தவிர வேறொன்றும் இல்லை என்றாரே" என்று சொல்லிவிட்டு வெட்டிய மலையை மேலும் வெட்டியிருப்பான். மலை தப்பியது நமக்கு நல்லதுதான். அது வேறு விடயம்.

அடுத்து வந்த சகோதரி விவிலியத்தை எடுத்தார். கலப்பையில் கைவைத்தபின் திரும்பிப் பார்க்கலாகாது என்று இயேசு சொன்னாரே என்றார். சொன்னார். ஆனால் அதே இயேசு பணியைத் தொடங்கிய நாட்களில் கானாவூர்க் கல்யாண வீட்டில் என்ன நடந்தது? தாய் வந்து மகனிடம் சொன்னது ஒரே ஒரு செய்தி: திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது. அது நல்ல செய்தியா? கல்யாண வீட்டுக்காரர் மானம் கப்பலேறப் போகிற செய்தி. இங்கே சோறு முடிந்துவிட்டது என்று பந்தியில் ஒருவர் காதோடு காதாகச் சொல்வதைப் போன்றது. மகனும், என் நேரம் இன்னும் வரவில்லை என்று முதலில் ஒதுங்கத்தான் பார்த்தார். மரியாள் அவரிடம் வாதாடவில்லை, இதைச் செய், அதைச் செய் என்று கட்டளையிடவும் இல்லை. உள்ளதைச் சொன்னார், அவர் சொல்வதைச் செய்யுங்கள் என்று பணியாளரிடம் சொல்லிவிட்டு விலகிவிட்டார். நடுவர் அவர்களே, என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. சொல்வது வேறு, கூப்பிடுவது வேறு. எதிரணியினர் கூப்பிடுவதற்கு எதிராக ஒரு மணி நேரம் பேசிவிட்டு, சொல்வதைத் தோற்கடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அம்மா இந்தச் சபையில்தான் இருக்கிறார், அனுமதி வாங்கியிருக்கிறேன்.

என் தம்பி குருவானவன். தான்சானியாவில் மறைப்பணி செய்கிறான். ஞாயிறு பூசை முடிந்து, அங்கே பகல் 12 மணிக்கு அழைப்பான். இங்கே பிற்பகல் 2.30. இரண்டு வருடங்களுக்கு முன் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. இடப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சுக் குழறியது. அந்த ஞாயிறு தம்பி அழைத்தான். அப்பா எங்கே என்றான். அம்மா சொன்னார்: "அப்பா நித்திரை." பகல் இரண்டரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நித்திரை கொள்ளாத ஓய்வூதியக்காரர் இந்த ஊரில் உண்டா? நம்பிவிட்டான். அடுத்த ஞாயிறும் நித்திரை. மூன்றாம் ஞாயிறு, அப்பா கடைக்குப் போயிருக்கிறார். நான்காம் ஞாயிறு மறுபடியும் நித்திரை. அம்மாவின் கற்பனைக்கு எட்டிய பொய்கள் அவ்வளவுதான், பாவம். பக்கத்துக் கட்டிலில் அப்பா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். தன் மகனுடைய குரலைக் கேட்டுக்கொண்டு, தான் நித்திரை என்று சொல்லப்படுவதையும் கேட்டுக்கொண்டு.

ஐந்தாம் கிழமை, பாலையூற்றுப் பக்கத்து நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் தம்பிக்கு எழுதினார்: "அப்பாவுக்குக் கை அசைகிறதா, பாதர்?" அவ்வளவுதான். வேடம் போட்டவர் வந்துவிட்டார். இந்த முறை அந்தணர் வேடமல்ல, நலம் விசாரிப்பவர் வேடம். அவரில் பிழையில்லை. பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமென்று அவர் எப்படி நினைப்பார்?

தம்பி அன்றிரவே அழைத்தான். அழவில்லை, ஏசவில்லை. ஒரே ஒரு வசனம் சொன்னான்: "அம்மா, என்னை விருந்தாளி ஆக்கிவிட்டீர்கள்." வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம்தான் கூரை ஒழுகுவதைச் சொல்லமாட்டோம். பெற்ற பிள்ளையிடம் வாளியை எடுத்துவா என்போம்.

"தெரிந்து அவனால் என்ன செய்யமுடியும்?" என்று எதிரணியில் மூன்று பேரும் கேட்டார்கள். அவன் தொழிலே அதுதானே! முன்பின் தெரியாதவர்களுடைய கட்டிலருகில் உட்கார்ந்து, நோயில் பூசுதல் கொடுத்து, செத்த வீட்டில் நின்று செபிக்கிறவன். ஊரார் துக்கமெல்லாம் தாங்குவான், தன் தகப்பனுடைய துக்கத்தை மட்டும் தாங்கமாட்டான் என்றால், அவனுடைய அழைத்தலைப் பற்றி அம்மாவுக்கு இருக்கும் நம்பிக்கை அவ்வளவுதானா?

துறவி என்றால் எல்லாம் அறுத்தவன் என்றார்கள். பட்டினத்தார் எல்லாவற்றையும் விட்டவர்தான். தாய் இறந்ததை அறிந்ததும் வந்து கொள்ளி வைத்தாரா இல்லையா? மறைப்பணிக்காகக் கிழக்கே வந்த புனித சவேரியார் 1541இல் ஐரோப்பாவை விட்டுப் புறப்பட்டவர். 1552இல் சீனக் கரையோரத் தீவில் இறக்கும்வரை திரும்பவே இல்லை. அவரே தோழர்களின் கடிதங்களிலிருந்து கையெழுத்துகளை வெட்டியெடுத்து மார்போடு வைத்துக்கொண்டிருந்தார்.

ஊழியத்துக்கு அனுப்பும் திருச்சபையின் ஒழுங்கு இதை அனுமதிக்குமா என்று ஒருவர் கேட்டார். ஒழுங்குக்குப் பேர்போன மோர்மன் சபையைப் பாருங்கள். தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில். அங்கே இளைஞர்கள் இரண்டு வருடமும், பெண்கள் பதினெட்டு மாதமும் ஊழியத்துக்குப் போகிறார்கள். நெடுங்காலம் வீட்டோடு தொலைபேசியில் பேச வருடத்தில் இரண்டே நாட்கள்: நத்தார், அன்னையர் தினம். மற்றக் கிழமைகளில் மின்னஞ்சல் மட்டும். 2019 பெப்ரவரியில் அவர்களே விதியை மாற்றி, வாரந்தோறும் பேசலாம் என்றுவிட்டார்கள். வீட்டுச் செய்தி ஊழியத்தைக் கெடுக்கும் என்று நினைத்திருந்தால் அந்தக் கதவைத் திறந்திருப்பார்களா?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எப்படிச் சொல்வது என்பதில் எதிரணிக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டு நாள் பொறுக்கலாம். நள்ளிரவில் எழுப்பிச் சொல்ல வேண்டியதில்லை. "நீ இங்கே இருந்திருந்தால்" என்று தொடங்கவே கூடாது. அது செய்தியல்ல, கயிறு.

இன்னொன்று. செய்தி வராமல் இருப்பது என்னவென்று இந்த மாகாணத்துக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. லூசியானாவிலிருந்து வந்து, நம் கிழக்கு மாகாணப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். போய்ச் சேரவில்லை. இன்றுவரை செய்தி இல்லை. காணாமல்போன பிள்ளைக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். கெட்ட செய்தியும் கிடைக்காத வேதனையை அறிந்த ஊரில் நின்றுகொண்டு, கெட்ட செய்தியை மறைப்பது அன்பு என்று எப்படிப் பேசுகிறார்கள்?

மணி அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன். இப்போது அம்மா ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் சொல்கிறார். போன கிழமைச் செய்திகள்: கிணற்று மோட்டார் பழுது. மான் புகுந்து மரவள்ளி முழுவதையும் தின்றுவிட்டது. அக்காவுக்கும், அதாவது எனக்கும், மாமியாருக்கும் ஐந்து நாளாகப் பேச்சில்லை. அப்பாவின் இடக்கை இன்னும் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு அம்மா கைப்பேசியை அப்பாவின் காதில் வைப்பார். அப்பா குழறுவார், தம்பிக்குப் பாதிதான் விளங்கும், இரண்டு பேரும் பத்து நிமிடம் பேசுவார்கள்.

அதோ, மூன்றாம் வரிசையில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து என் பேச்சைப் பதிவுசெய்துகொண்டிருப்பவர்தான் அம்மா. இன்றிரவே தான்சானியாவுக்குப் போகும். உங்கள் தீர்ப்பையும் சேர்த்து அனுப்புவார், நடுவர் அவர்களே. நான் தோற்றாலும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.