கரையைக் கடந்த பிறகு

நண்பர்களே, வணக்கம்.

புயல் கரையைக் கடந்துவிட்டது என்று செய்தி வந்ததும் நம்மில் பலர் டிவியை அணைத்துவிடுவோம். ஹெலின் புயலின்போது அப்படி அணைத்தவர்கள் பாதிக் கதையைத்தான் பார்த்தார்கள்.

2024 செப்டம்பர் 26 இரவு, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெர்ரி நகருக்குப் பக்கத்தில் அது கரையேறியது. நான்காம் வகைப் புயல், மணிக்கு 225 கிலோமீட்டர் காற்று. கீட்டன் பீச் போன்ற சிற்றூர்களில் கடல் 15 அடிக்கு எழும்பி உள்ளே வந்தது. பாவம், அந்தப் பகுதிக்கு 13 மாதங்களில் இது மூன்றாவது அடி. 2023 ஆகஸ்டில் இடாலியா, 2024 ஆகஸ்டில் டெபி, அப்புறம் இது. வீட்டைச் செப்பனிட்டு முடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்றது. ஆனாலும் கடலோரத்துக்காரர்களுக்குப் புயல் பழக்கம். கிளம்பச் சொன்னால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியும்.

ஆஷ்வில் நகரம் அப்படியல்ல. வட கரோலினா மலைகளில், 2,000 அடி உயரத்தில், புயல் கரையேறிய இடத்திலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. புயல் வந்து சேரும் முன்பே பெய்த மழையில் அங்கே மண் ஊறிப்போயிருந்தது. ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறினால் குளிர்ந்து கொட்டத்தான் செய்யும். பியூசிக் என்ற இடத்தில் சில நாட்களுக்குள் 30 அங்குலத்துக்கு மேல் மழை. ஃபிரெஞ்ச் பிராட் ஆறு 1916 பெருவெள்ளத்தின் உயரத்தையே தாண்டிவிட்டது. வட கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

இத்தனைக்கும் அங்கே வந்தபோது அதற்கு ஹரிக்கேன், அதாவது கடும்புயல், என்ற தகுதியே இல்லை, வலுக்குறைந்த புயல்தான். வகை எண் சொல்கிறார்களே, அந்த சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோல் காற்றை மட்டும்தான் அளக்கும். மழை எவ்வளவு என்று அது கேட்பதே இல்லை. வானிலை அலுவலகம் எச்சரிக்காமல் இல்லை, கடுமையாகவே எச்சரித்தது. ஆனால் எங்கே ஓடுவது? கடலோரத்தில் எந்தத் தெருவரை தண்ணீர் வரும் என்று வரைபடம் இருக்கிறது. மலையில் எந்தச் சரிவு பெயர்ந்து வரும் என்று யார் சொல்ல முடியும்?

குடிநீர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 2004இல் வந்த புயல் வெள்ளத்தில் ஆஷ்வில்லின் குழாய்கள் போயின. சரி, இனி இப்படி ஆகக்கூடாது என்று மாற்றுக் குழாய் ஒன்றை 25 அடி ஆழத்தில் புதைத்தார்கள். ஹெலின் அதையும் தோண்டி எடுத்துப் போய்விட்டது. ஊருக்குக் குடிநீர் தரும் ஏரியில் கலந்த களிமண் அடியில் படியவே மறுத்தது. கழிப்பறைக்கு ஊற்ற மக்கள் ஓடையில் வாளியால் மொண்டு வந்தார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று சொல்ல 53 நாட்கள் ஆயிற்று.

காப்பீடு? சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. தனியாக எடுக்க வேண்டும். மலைமேல் இருப்பவர் எதற்கு எடுக்கப்போகிறார்?

அந்த மலைப்பக்கத்திலேயே மரியன் ஊருக்கு அருகில் பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் நரம்பில் ஏற்றும் திரவத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளம் புகுந்து ஆலை நின்றது. புயல் எட்டிக்கூடப் பார்க்காத மாநிலங்களில் நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை தள்ளிப்போனது.