நடந்தே வேட்டையாடும் பறவை

நண்பர்களே, வணக்கம்.

கழுகு, பருந்து என்றாலே நாம் அண்ணாந்துதான் பார்ப்போம். இன்று நான் பேச வந்திருக்கும் பறவை தரையில் நடப்பது. பெயர் செக்ரட்டரி பறவை. செனகல் தொடங்கி சோமாலியா வரை, அங்கிருந்து தெற்கே தென்னாப்பிரிக்காவின் முனை வரை, ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழ்கிறது. நிமிர்ந்து நின்றால் நான்கடி உயரம். கழுகின் உடல், கொக்கின் கால், பிடரியில் கறுப்பு இறகுக் கொத்து. நன்றாகவே பறக்கும்; ஆனாலும் இரை தேடி ஒரு நாளில் 20 கிலோமீட்டருக்கு மேல்கூட நடக்கும்.

புல் புதர் தென்பட்டால் காலால் ஓங்கி மிதிக்கும். உள்ளே பதுங்கியிருக்கும் வெட்டுக்கிளியோ எலியோ பதறி ஓடும், ஓடினால் தீர்ந்தது. பாம்பு என்றால் தலையைக் குறிவைத்து உதைக்கும். அந்த உதையை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. இங்கிலாந்தில் பழக்கி வளர்க்கப்பட்ட மேடலின் என்ற ஆண் பறவையின் முன்னே, விசையை அளக்கும் தகட்டின் மேல் ரப்பர் பாம்பை இழுத்துக் காட்டினார்கள். விழுந்த உதை, பறவையின் எடையைப்போல ஐந்து மடங்கு! கால் பாம்பைத் தொட்டிருந்த நேரம் சராசரியாக 15 மில்லிசெகண்ட். நாம் கண் சிமிட்டும் நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கால் பட்ட பிறகு உணர்ந்து திருத்திக்கொள்ள அவகாசமே கிடையாது. கண்ணால் குறி பார்த்து, முன்கூட்டியே கணித்துத்தான் அடிக்கிறது. குறி தப்பினால் கொத்து வாங்க வேண்டியதுதான். எனக்கு இந்தப் பறவைமேல் தீராத மரியாதை வந்தது இதைப் படித்த பிறகுதான்.

கூடு மட்டும் மரத்தின் உச்சியில், பெரும்பாலும் முள் நிறைந்த அகேசியாவில். குச்சிகளை அடுக்கி அகலமான மேடைபோலக் கட்டும். ஒன்று முதல் மூன்று முட்டைகள். சுமார் 45 நாள் அடைகாத்தல். குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனும் இரையை விழுங்கி வந்து கக்கி ஊட்டும்.

சரி, இவ்வளவு திறமையுள்ள பறவைக்கு என்ன குறை? 2020-இல் இது அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் அரசுச் சின்னத்திலும் சூடானின் சின்னத்திலும் சிறகை விரித்து நிற்கிற பறவை இது! நடந்து வேட்டையாடுவதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். அதை உழுது வயலாக்குகிறோம். எஞ்சியதில் மாடுகள் அளவுக்கு மீறி மேய்கின்றன; சில இடங்களில் முட்புதர் அடர்ந்து பறவை கால் வைக்கவே வழியில்லை. அப்புறம் கம்பிவேலிகளும் மின்கம்பிகளும். சரணாலயங்களை வைத்து மட்டும் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இந்தப் பறவைகளில் பல, சரணாலய எல்லைக்கு வெளியே மேய்ச்சல் நிலங்களில்தான் திரிகின்றன. அங்கே மாடு வளர்ப்பவர் எத்தனை மாடுகளை விடுகிறார், புல்லை எப்போது எரிக்கிறார், கூடிருக்கும் மரத்தை விட்டுவைக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த குஞ்சு தரையிறங்கி நடக்கும்.