பதினைந்து நிமிடம் என்று சொல்லி வந்த மருத்துவர்

நேயர்களுக்கு வணக்கம்.

நம்பிக்கை தரும் வாழ்க்கைக் கதைகளைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். சாதனையாளர்களின் கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்று இரண்டு குடிநோயாளிகளின் கதையைச் சொல்கிறேன்.

1935ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து தொழில் விஷயமாக வந்த பில் வில்சன், வந்த காரியம் கைகூடாமல் ஹோட்டல் முகப்பில் தனியாக நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. பக்கத்து மதுக்கூடத்தில் சிரிப்பும் பேச்சும் கேட்கின்றன. எதிரே தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். உள்ளூர்ப் பாதிரியார் ஒருவரை அழைத்து, குடியோடு மல்லுக்கட்டும் யாரிடமாவது தான் பேசியாக வேண்டும் என்றார். யாரையும் திருத்தும் எண்ணம் அவருக்கு இல்லை. இன்றைக்குத் தான் குடிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விசாரித்ததில் கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை மருத்துவர். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு வேண்டாவெறுப்பாக வந்தார். பாவம், எத்தனை பேரின் உபதேசத்தைக் கேட்டிருப்பாரோ! மது உடம்பை என்ன செய்யும் என்று ஒரு மருத்துவருக்குப் பாடம் நடத்த முடியுமா? பில் அதற்கு முயலவே இல்லை. நியூயார்க்கில் மாதக்கணக்கில் குடிகாரர்களைத் தேடித் தேடிப் பிரசங்கம் செய்தும் ஒருவர்கூடத் தேறாததைக் கண்டு, பிரசங்கத்தை விடும்படி அவருடைய மருத்துவரே சொல்லியிருந்தார். ஆகவே தான் குடித்த கதையை, விட முடியாமல் தவித்த கதையை மட்டும் சொன்னார். பாப் எழுந்து போகும்போது இரவு பதினொன்று தாண்டிவிட்டது.

அத்தோடு சுபம் என்று நினைக்காதீர்கள். சில வாரங்களில் மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் பாப் மறுபடியும் குடித்தார். அதற்குப் பிறகுதான் விட்டார்; 1950இல் இறக்கும் வரை தொடவில்லை. இந்த இருவரும் தொடங்கிய, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் தொடக்க நாளாக 1935 ஜூன் 10ஐ இன்றும் கொண்டாடுகிறார்கள்.

அந்த அமைப்பின் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. வெளியாரும் வரலாம் என்று அறிவிக்கப்படும் கூட்டங்களில் நான் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒருவர் எழுந்து, தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். மகளின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்தது, தெருவில் கிடந்தது, எல்லாம் வரும். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். கேட்பவர்களில் முதல் நாள் வந்தவர் ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். தன்னைப் போலவே கிடந்த ஒருவர் சலவைச் சட்டையோடு நின்று பேசுவதை அவர் நிமிர்ந்து பார்ப்பார். பேசுகிறவருக்கும் ஆதாயம் உண்டு; பில்லுக்கு ஆக்ரனில் கிடைத்த அதே ஆதாயம். வாழ்நாள் முழுவதற்கும் யாரும் சத்தியம் செய்வதில்லை. இன்று ஒரு நாள் மட்டும்.

கடவுள் பேச்சு வருமே என்று சிலர் தயங்குகிறார்கள். தொடக்கத்திலேயே கடவுளை ஏற்காதவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் விடாமல் வாதாடியதால், அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றுதான் அமைப்பின் வழிமுறைகளில் எழுதிவைத்தார்கள். நம் ஊரில் கோயிலுக்குப் போகிறவரும் கறுப்புச் சட்டைக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார அது போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். நெடுங்காலம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். கூட்டம் அதற்குப் பிறகு.

பில்லின் மனைவி லோயிஸ், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் 'அல்-அனான்' என்ற தனி அமைப்பு உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். கணவர் வர மறுத்தாலும் மனைவி அங்கே போகலாம், அம்மா போகலாம். கட்டணம் கிடையாது. முழுப் பெயரும் கேட்கமாட்டார்கள்.

வணக்கம்.