யாருக்குக் கொடுப்பது? மனம் உருகினால் மட்டும் போதுமா?

[திரையில்: எண்ணெய்க் குட்டையில் சிக்கிய ஒரு பறவை]

எண்ணெய்க் குட்டையில் விழுந்து சாகும் பறவைகளைக் காப்பாற்ற நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள்? 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் இதைக் கேட்டார்கள். ஒரு குழுவிடம் 2,000 பறவைகள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் 20,000. மூன்றாவது குழுவிடம் 2,00,000.

[திரையில்: 80, 78, 88]

சராசரியாக வந்த பதில் முறையே 80 டாலர், 78 டாலர், 88 டாலர். பறவைகள் நூறு மடங்கு கூடியும் தொகை ஏறக்குறைய அசையவே இல்லை. காரணம், பதில் சொன்னவர்கள் மனத்தில் வந்து நின்றது இறகு நனைந்து தவிக்கும் ஒற்றைப் பறவைதான்.

நன்கொடை கேட்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் விளம்பரத்தில் ஒரு குழந்தையின் முகம் வருகிறது. அதில் தப்பில்லை. ஆனால் பணம் எங்கே போக வேண்டும் என்பதை அந்த முகமே முடிவு செய்துவிடக் கூடாது.

[திரையில்: ராட்டினத்தில் சுற்றும் சிறுவர்கள்]

பிளேபம்ப் என்று ஒன்று வந்தது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடுவார்கள். அந்தச் சுழற்சியிலேயே நிலத்தடி நீர் தொட்டிக்கு ஏறிவிடும். யாருக்குத்தான் பிடிக்காது? 2006இல் அமெரிக்க அரசும் தனியார் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் அறிவித்தன. ஆனால் சொன்ன அளவு தண்ணீர் கிடைக்க, குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் தி கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது! குழந்தைகளுக்கு அலுத்துப்போனதும் பெண்கள்தான் அதைக் கையால் தள்ளிச் சுற்ற வேண்டியிருந்தது. சாதாரணக் கைப்பம்பே மேல்.

"நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?" என்று கேட்பவர்கள் நிறைய. கேளுங்கள். ஆனால் ஒரு பயனும் இல்லாத வேலையைக்கூட மிகச் சிக்கனமாகச் செய்ய முடியும். செய்ததால் என்ன மாறியது, அதை யார் அளந்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

அப்புறம், நான் அதிகம் மதிக்கும் கேள்வி ஒன்று உண்டு: என் பணம் வந்தால் கூடுதலாக என்ன நடக்கும்? 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு உலகமே அள்ளிக் கொடுத்தது. சில நாட்களிலேயே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, "இந்தப் பணிக்குப் போதுமான பணம் சேர்ந்துவிட்டது, இனி இதற்காக அனுப்ப வேண்டாம்" என்று அறிவித்தது. ஏற்கெனவே கொடுத்தவர்களிடம், மீதியை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்றும் கேட்டது. இப்படிச் சொல்ல எத்தனை அமைப்புகளுக்கு மனம் வரும்?

சரி, மனம் உருகிக் கொடுப்பதையே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கி, பெரும்பகுதியை யோசித்துத் தேர்ந்த ஓரிரு அமைப்புகளுக்கு மாதாமாதம் அனுப்புங்கள். முன்கூட்டியே தெரிந்த வரவு இருந்தால்தான் அவர்களால் ஆள் வைத்து வேலை நடத்த முடியும். மீதியை, திடீரென்று நெஞ்சைத் தொடும் ஒன்றுக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள்.